போட்டோவில் தெரியாத வலது கை

போன மாசம் எங்க பழைய ஆபீசுல இருந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. ஆண்டு மலர் போடுறாங்களாம். "மேடம், கொரோனா காலத்துல ஜெயில் நெரிசலைக் குறைச்சதுல நம்ம இலவச சட்ட உதவி ஆபீஸ் பெரிய சாதனை பண்ணியிருக்கு. அப்ப நீங்கதானே டைப்பிஸ்ட். ஒரு கட்டுரை எழுதித் தாங்க. நல்லதா நாலு வார்த்தை போதும்"னு கேட்டாங்க.

கூடவே ஒரு போட்டோவும் கொண்டு வந்திருந்தாங்க. ஆபீஸ் வாசல்ல இன்னும் மாட்டியிருக்கிற அதே போட்டோ. எங்க செயலாளர் அய்யா ஒரு முகக்கவசம், அதுக்கு மேல இன்னொரு முகக்கவசம், அதுக்கும் மேல ஒரு கண்ணாடித் தடுப்புப் போட்டுக்கிட்டு ஒரு பையை நீட்டுறாரு. எதிர்ல ஒல்லியா ஒரு ஆளு இடது கையால அதை வாங்குறாரு. அவரோட வலது கை மேல ஒரு பூத்துண்டு கிடக்கு.

"யாரு மேடம் இவரு? பேரு தெரிஞ்சா படத்துக்குக் கீழ போட்டுரலாம்."

பேரு தெரியும். அந்தத் துண்டு யாரோடதுன்னும் தெரியும். நல்லதா நாலு வார்த்தைதான் எனக்கு வராது. எழுதித் தாரேன், போடுறதும் போடாததும் உங்க பாடுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

என் சர்வீஸை நாலு வரியில முடிச்சிடலாம். ஹையர் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிட்டு கோர்ட்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஜாப் டைப்பிங் கடையில ரெண்டு வருஷம் தட்டுனேன். பிறகு பரீட்சை எழுதி கோர்ட்டுக்குள்ளயே போயிட்டேன். முப்பத்து மூணு வருஷம் அடுத்தவங்க சொன்னதை அடிச்சேன், அதுல கடைசி ஆறு வருஷம் சட்ட உதவி ஆபீசுல. இந்தக் கிருபைக்குன்னு சொந்தமா ஒரு கருத்து இருக்கும்னு அங்கன யாரும் நினைச்சதில்ல, நானும் நினைச்சதில்ல.

அந்த ஜாப் டைப்பிங் கடையைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், பின்னால வேணும். வருஷா வருஷம் சீசன் தொடங்குறதுக்கு முன்னால பட்டாசுக் கம்பெனி ஆளுங்க வந்து கட்டுக் கட்டா வக்காலத்து அடிச்சு வாங்கிட்டுப் போவாங்க. வக்காலத்துன்னா, 'இன்னாரை என் வக்கீலா வச்சுக்கிடுறேன்'னு கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டுல கொடுக்கிற தாள். கம்பெனிக்காரங்க வாங்கிட்டுப் போற தாள்ல வக்கீல் பேரு மட்டும் அடிச்சிருக்கும். கட்சிக்காரர் பேரு இருக்கிற இடம் காலி, தேதி காலி. எனக்கு அப்ப இருபது வயசு. "கேசே இல்லாம எதுக்குண்ணே வக்காலத்து?"ன்னு கேட்டேன். "போர்மேன் வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கி வச்சிருவோம் தாயி. நாளைக்கு ஒண்ணுன்னா ஓடி அலைய வேண்டாம்ல"ன்னாரு அந்த அண்ணன். அக்கறைன்னு நினைச்சேன். எம்புட்டு நல்ல மொதலாளின்னு வீட்டுல போய் வேற சொன்னேன்.

சரி, சாதனைக்கு வருவோம்.

ஊரடங்கு போட்ட ரெண்டாம் வாரம் மேலிடத்துல இருந்து உத்தரவு வந்துச்சு. ஜெயில்ல கூட்டம் இருந்தா நோய் பரவும், அதனால ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை வரக்கூடிய கேசுல விசாரணைக் கைதியா இருக்கிறவங்களை ஜாமீன்ல விடுங்க, வக்கீல் இல்லாதவங்களுக்கு சட்ட உதவி ஆபீஸ் வக்கீல் வச்சு மனுப் போடணும்னு. நல்ல உத்தரவு. எழுதினவங்க மனசார எழுதியிருப்பாங்க. அது மாடிப்படி இறங்கி எங்க ஆபீசுக்கு வந்து சேரும்போது ஒரு கட்டம் போட்ட தாளா ஆயிருச்சு. மேல தலைப்பு: தினசரி எண்ணிக்கை.

எங்க செயலாளர் அய்யா கெட்டவர் இல்ல. கை சுத்தமானவரு. அந்தக் காலத்துல அம்புட்டுப் பேரை விடவும் சுத்தம், ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை கழுவுவாரு. எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு கண்ணாடிச் சுவருதான். இருந்தாலும் நேர்ல பேச மாட்டாரு. கண்ணாடி வழியா என்னையப் பாத்துக்கிட்டே செல்லுல கூப்பிடுவாரு. நானும் அவரைப் பாத்துக்கிட்டே எடுப்பேன். "மேடம், இன்னிக்கு எண்ணிக்கை என்ன?" ஒரு கைதிக்கு வயித்து வலி, ஒருத்தருக்குப் பொண்டாட்டி பிரசவம்னு ஏதாவது சொல்ல வாயெடுத்தா, கையை உயர்த்துவாரு. "நாம எமோஷனல் ஆகக்கூடாது மேடம். எண்ணிக்கை சொல்லுங்க."

வெளிய இருந்து வர்ற தாள்னா அவருக்கு உயிர் பயம். எந்த மனுவும் நேரா மேசைக்கு வரக்கூடாது, ஒரு நாள் முழுக்க வெயில்ல காயணும்னு வாய்மொழி உத்தரவு. நம்ம ஊரு வெயிலைப் பத்திச் சொல்லவா வேணும். கோர்ட்டு படிக்கட்டுல நான் ஜாமீன் மனுக்களை வரிசையாப் பரப்பி, மேல கல்லு வச்சு, மத்தியானம் திருப்பிப் போட்டு, சாயங்காலம் அள்ளுவேன். வத்தல் காயப் போடுறாப்புல. ஒரு நாள் காத்தடிச்சு நாலு கைதிகளோட மனு பறந்து பூட்டிக் கிடந்த டீக்கடை வாசல்ல போய் விழுந்துச்சு. அவங்க நாலு பேரும் ஜெயிலுக்குள்ள இருந்தாங்க, அவங்க மனு மட்டும் முந்திக்கிட்டு வெளிய போய் நிக்குது. நான்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓடிப் பொறுக்குனேன்.

எங்க சப் ஜெயில் வெள்ளைக்காரன் கட்டினது. எந்த ஊருன்னு கேக்காதீங்க, எல்லா ஊரு ஜெயிலும் ஒண்ணுதான். இருபத்தாறு பேருக்குக் கட்டின இடத்துல அறுபது சொச்சம் பேர். முதல் வாரம் நாங்க செஞ்ச சாதனை என்னன்னா, 'ஆறடி இடைவெளி விடவும்'னு ஒரு போஸ்டர் அடிச்சு ஒவ்வொரு செல்லுலயும் ஒட்டுனோம். செல்லே எட்டடி அகலம். அந்தப் போஸ்டரைப் படிக்கணும்னா நாலு பேர் தோள் மேல எட்டிப் பாக்கணும்.

ரெண்டாவது சாதனை, பக்கத்துத் தாலுகா ஜெயிலுக்குப் பதினாலு பேரை வேன்ல அனுப்புனோம். அறிக்கையில பதினாலு குறைஞ்சுது. அய்யா முகத்துல சிரிப்பு, அதாவது கண்ணு மட்டும் சிரிச்சுது, மத்ததுதான் தெரியாதே. நாலு நாள் கழிச்சு அந்தத் தாலுகாவுல இருந்து பதினோரு பேரை எங்களுக்கு அனுப்புனாங்க. அவங்க அறிக்கையிலயும் குறையணும்ல? அதுல ஒரு ஆளு ரெண்டு ஊருக்கும் போயிட்டு வந்தவரு. "மேடம், ஊரே வீட்டுக்குள்ள கிடக்கு, என்னைய மட்டும் ஊர் சுத்திக் காட்டுதாக"ன்னு என்கிட்டயே சொன்னாரு.

ஜாமீன்ல விட்டவங்களையும் சொல்லணும், நிஜமாவே நாப்பது பேர் போல வெளிய போனாங்க. எங்க ஆபீஸ் லிஸ்ட்டுல இருந்த பேனல் வக்கீல் முத்துலட்சுமிங்கிற பொண்ணு உசிரக் கொடுத்து வேலை பாத்துச்சு. ஆனா பஸ் ஏது? மம்சாபுரம் பக்கத்து ஆளு ஒருத்தரு விடுதலை ஆகி, ரோட்டைப் பாத்துட்டு, திரும்பி வந்து ஜெயில் கதவைத் தட்டுறாரு. "பஸ்ஸு விடுற வரைக்கும் உள்ளயே இருந்துக்கிடுறேன் சார்." வார்டர் திட்டி அனுப்பிட்டாரு. அந்தப் பக்கம் ஒருத்தர் வெளிய போக, இந்தப் பக்கம் சாராய ஊறல் போட்டவன், ஊரடங்குல சுத்துனவன்னு ரெண்டு பேரைப் போலீஸ் உள்ள கொண்டு வரும். எண்ணிக்கைத் தாளை நான் அடிச்சு அடிச்சு அழிச்சதுதான் மிச்சம்.

இந்தக் கூத்துக்கு நடுவுலதான் காளீஸ்வரி வந்துச்சு.

நாரணாபுரத்துல இருந்து தக்காளி லோடு ஏத்துன ஆட்டோவுல பின்னாடி உக்காந்து வந்திருக்கு. முகக்கவசத்துக்குப் பதிலா சேலை முந்தானை. படிக்கட்டுல காஞ்சுக்கிட்டு இருந்த மனுக்களை மிதிக்காம ஓரமா ஏறி வந்து நின்னுச்சு.

"அக்கா, ஏழு வருஷத்துக்குள்ள உள்ள கேசெல்லாம் விடுதாகளாம்ல. எங்க வீட்டுக்காரரு பேரு இருளப்பன். போர்மேன். பட்டாசு ஆபீஸ் வெடிச்ச கேசு. அவருக்குக் கையில தீக்காயம். செல்லுக்குள்ள பத்துப் பதினஞ்சு பேரு. புண்ணு ஆறல, சீழ் வைக்கி. அழுகிப் போச்சுன்னா கையை எடுக்கணும்னு ஜெயிலுக்கு வர்ற டாக்டரே சொல்லிட்டாரு. பெரிய ஆஸ்பத்திரியில சேத்தாதான் ஆறுமாம்."

கேசு எனக்குத் தெரியும். ஊரடங்குக்கு மூணு வாரம் முன்னால நடந்தது. பட்டாசு ஆலையில மருந்து கலக்குற ரூம்ல தீப் புடிச்சுருச்சு. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துல இருந்து கம்பெனி வேன்ல வேலைக்கு வர்ற பேச்சியம்மாங்கிற பொம்பளை உள்ள மாட்டிக்கிட்டா. இருளப்பன் உள்ள ஓடி அவளை இழுத்துட்டு வந்திருக்காரு. அவ பிழைக்கல. இவருக்கு வலது கை வெந்து போச்சு. ஆஸ்பத்திரியில பத்து நாள் வச்சிருந்துட்டு ஜெயிலுக்குக் கொண்டு வந்துட்டாங்க. மொதலாளி? அவரு ஏதோ மலை ஊருல நெஞ்சு வலியில இருந்தாரு. நல்ல குளிர்ச்சியான நெஞ்சு வலி.

ஏழு வருஷத்துக்குள்ள அடங்குற கேசுதான். அப்புறம் ஏன் இருளப்பன் பேரு லிஸ்ட்ல இல்ல? கட்டம் போட்ட தாள்ல ஆறாவது கட்டம், 'சொந்த வழக்கறிஞர் உண்டா?' கோர்ட்டுக் கேசுக் கட்டுல கம்பெனி வக்கீல் இருளப்பனுக்காக வக்காலத்துப் போட்டிருக்காரு. அதனால 'உண்டு.' சொந்த வக்கீல் இருக்கிறவருக்கு எங்க வக்கீல் மனுப் போட முடியாது. அந்த 'உண்டு'வை அடிச்சது என் கைதான்.

"உங்களுக்குத்தான் வக்கீல் இருக்காரேம்மா. அவரையே ஜாமீன் மனுப் போடச் சொல்லுங்க. இங்க வக்கீல் இல்லாதவங்களுக்குத்தான்."

"எந்த வக்கீலுக்கா? அவரு மூஞ்சிய நாங்க பாத்ததே இல்ல. போன் போட்டா, மொதலாளிக்கு முன்ஜாமீன் கிடைக்கட்டும், பொறவு பாப்பம்ங்காரு."

அதுல ஒரு கணக்கு இருக்கு. மேல் கோர்ட்டுல மொதலாளியோட முன்ஜாமீன் மனு நிக்குது. 'எல்லாப் பொறுப்பும் போர்மேனோடது, அவரு ஜெயில்லதான் இருக்காரு'ன்னு அதுல வாதம். போர்மேன் வெளிய வந்து, கதவு ஏன் பூட்டியிருந்துச்சு, ரூம்ல ரெண்டு பேருக்குப் பதிலா ஆறு பேரை யாரு உக்கார வச்சான்னு பேச ஆரம்பிச்சா வாதம் கந்தலாயிரும். ஆக, ஒரே வக்கீல் ரெண்டு பேருக்கும் வேலை பாக்காரு. ஒருத்தரை உள்ள போகாமப் பாத்துக்கிடுதாரு, இன்னொருத்தரை வெளிய வராமப் பாத்துக்கிடுதாரு.

இதெல்லாம் எனக்கு அப்பவே புரிஞ்சுது. புரிஞ்சும், "ரூல்ஸ் அப்படி இருக்கும்மா"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். அந்தப் பொண்ணு மனுக்களை மிதிக்காம ஓரமா இறங்கிப் போச்சு. அடுத்த லோடு ஆட்டோவுக்காக ரோட்டோரம் ரெண்டு மணி நேரம் நின்னுச்சு. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே எண்ணிக்கை அடிச்சேன். இதை நான் மறைச்சு எழுதினா, எனக்கும் அந்தக் கண்ணாடி ரூம்காரருக்கும் என்ன வித்தியாசம்?

நாலு நாள் கழிச்சு ஜெயில்ல இருந்து தபால் வந்துச்சு. வழக்கம்போலப் படிக்கட்டுல காயப் போட்டேன். சாயங்காலம் அள்ளும்போது ஒரு தாள் கண்ணுல பட்டுச்சு. 'எனக்குச் சட்ட உதவி வேண்டும். இருளப்பன்.' காளீஸ்வரி ஜெயில் வாசல்ல போய் நின்னு, வார்டர் மூலமாச் சொல்லி எழுத வச்சிருக்கு. கையெழுத்து இல்ல, பெருவிரல் ரேகை. பக்கத்துல ஜெயில் அதிகாரி எழுதி முத்திரை குத்தியிருக்காரு: 'மேற்படியாருக்கு விபத்து நாள் முதல் வலது கையில் தீக்காயக் கட்டு இருப்பதால் கையெழுத்திட இயலவில்லை. இடது பெருவிரல் ரேகை என் முன்னிலையில் வைக்கப்பட்டது.'

தாளைக் கையில வச்சுக்கிட்டுப் படிக்கட்டுலயே உக்காந்துட்டேன். விபத்து நாள் முதல் கையெழுத்துப் போட முடியாது. அப்போ கோர்ட்டுக் கட்டுல இருக்கிற வக்காலத்துல கையெழுத்துப் போட்டது யாரு?

கேசுக் கட்டு இருக்கிற அலமாரியோட சாவி யாருகிட்ட இருக்கும்னு எனக்குத் தெரியாதா? செக்‌ஷன்ல போய் எடுத்துப் பாத்தேன். அழகா, சுழிச்சு, கீழ ரெண்டு புள்ளி வச்சு 'சு. இருளப்பன்'. தேதி, விபத்துக்கு மறுநாள். அன்னிக்கு அந்த மனுஷன் தீக்காய வார்டுல கையைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கிடந்திருக்காரு. காவல்ல இருக்கிறவரு வக்காலத்துப் போட்டா அதிகாரி சான்று இருக்கணும், அதுவும் இல்ல. எழுத்து ஒரு மையில, தேதி வேற மையில. தாள் ஓரம் மஞ்சளாகி மடிப்பு விட்டிருந்துச்சு.

இருபது வயசுல அந்தக் கடையில நான் அடிச்ச தாள்தான். அதேன்னு சொல்லல, அதோட பேத்தி. 'நாளைக்கு ஒண்ணுன்னா'ன்னு அந்த அண்ணன் சொன்ன நாளைக்கு, இதுதான்.

ரெண்டு தாளையும் நகலெடுத்துக்கிட்டு மறுநாள் காலையில கண்ணாடிக்கு முன்னால நின்னேன். அய்யா செல்லுல கூப்பிட்டாரு. விவரத்தைச் சொன்னேன்.

"மேடம், அந்த வக்கீல் சீனியர். பார்ல செல்வாக்கு உள்ளவரு. இது நம்ம எல்லைக்குள்ள வராது. ஆறாவது கட்டத்துல 'உண்டு'ன்னு இருக்குல்ல?"

"அந்த 'உண்டு' நான் அடிச்சதுய்யா. தப்பா அடிச்சிட்டேன்."

"நீங்க எமோஷனல் ஆகுறீங்க."

"அந்த ஆளுக்குக் கை போகப் போகுதுய்யா."

"எண்ணிக்கை என்னன்னு சொல்லுங்க."

அந்தக் கண்ணாடியை உடைக்கலாம்னு கை துறுதுறுன்னுச்சு. நான் ஞாயித்துக்கிழமை தவறாமக் கோயிலுக்குப் போறவ, அன்னிக்கு மனசுக்குள்ள திட்டுன திட்டை எந்த ஜெபத்துலயும் கழுவ முடியாது.

ஆனா அவரே எனக்கு வழி காட்டிட்டாரு. எண்ணிக்கைதானே வேணும் உங்களுக்கு?

வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேலிடத்தோட வீடியோ கூட்டம். அன்னிக்கு எல்லாத் தாலுகாவும் 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்'னு சொல்லியாகணும். எங்க அய்யா அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாரு. ஜெயில்ல அரிசி மூட்டை போடுற ரூமையும் அளந்து, 'அதுலயும் எட்டுப் பேர் படுக்கலாம்'னு சேத்து, இருபத்தாறை முப்பத்து நாலு ஆக்கிட்டாரு. ஆளு குறையலைன்னா இடத்தைக் கூட்டு. அரிசி மூட்டை அங்கனயேதான் இருந்துச்சு, அது வேற.

வெள்ளிக்கிழமை காலையில ஜெயில்ல இருந்து கணக்கு வந்துச்சு. முப்பத்தஞ்சு. ஒரு ஆளு கூட.

அய்யா கண்ணாடிக்குப் பின்னால நடக்காரு, நிக்காரு, கழுவுதாரு. என்னையக் கூப்பிட்டாரு. "மேடம், ஒரு ஆள். ஒரே ஒரு ஆள் கிடைக்காதா? லிஸ்ட்டை நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்ய்யா. தகுதி உள்ள அம்புட்டுப் பேரும் போயாச்சு. மிச்சமெல்லாம் கொலை, கஞ்சா."

"யாருமே இல்லையா?"

ரேகை வச்ச மனுவையும் வக்காலத்து நகலையும் பக்கத்துப் பக்கத்துல கண்ணாடியில ஒட்ட வச்சுப் புடிச்சேன். அந்தப் பக்கம் இருந்து வாசிச்சாரு. வெயில்ல காயாத தாள்தான், ஆனா நடுவுல கண்ணாடி இருந்ததால தைரியமா வாசிச்சாரு. ரெண்டு தடவை வாசிச்சாரு. பிறகு செல்லை எடுத்தாரு.

"மேடம், ஒரு மனிதாபிமான அடிப்படையில..."

சிரிப்பை அடக்க முகக்கவசம் எம்புட்டு உதவியா இருந்துச்சுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் நடந்த வேகத்தை என் சர்வீஸ்ல அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பின்னாலயும் பாத்ததில்ல. பத்தரைக்கு ஜெயில் அதிகாரி முன்னால புது வக்காலத்துல ரேகை வாங்கியாச்சு. பழைய வக்கீலோட ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம் வேணும். முத்துலட்சுமி போன் போட்டா அவரு எடுக்கல. பதினோரு மணிக்கு அவரே என் செல்லுக்குப் பேசுனாரு, குரல்ல தேன் வடியுது.

"என்ன கிருபையம்மா, சவுக்கியமா இருக்கீகளா? எங்க ஆளை நீங்க எடுத்துக்கிட்டீகன்னு கேள்விப்பட்டேன். நம்மளுக்குள்ள எதுக்கு இதெல்லாம்?"

"நல்லா இருக்கேன் சார். ஒரே ஒரு சந்தேகம். உங்க ஆளு வக்காலத்துல கையெழுத்துப் போட்ட தேதியில அவரு கை எங்க இருந்துச்சுன்னு ஒரு அபிடவிட் மட்டும் தந்துருங்க. நானே டைப் அடிச்சுத் தாரேன். கட்டு பிரிச்சது யாரு, திரும்பக் கட்டுனது யாருன்னு அதுல வந்துட்டாப் போதும்."

கடிதம் பன்னெண்டு மணிக்கு வாட்ஸ்அப்புல வந்துச்சு. ரெண்டு மணிக்கு சொந்த ஜாமீன்ல விடச் சொல்லி உத்தரவு. ரெண்டே முக்காலுக்கு இருளப்பன் ஜெயில் வாசல்ல நின்னாரு.

மூணு மணிக் கூட்டத்துக்குப் போட்டோ வேணும்ல? அய்யா தன்னோட கார்லயே வந்துட்டாரு. சோப்பு, துண்டு, முகக்கவசம் போட்ட பையை நீட்டுனாரு. இருளப்பன் இடது கையை நீட்டுனாரு.

"வலது கையால வாங்கச் சொல்லுங்க. இடது கையால வாங்கினா படத்துல நல்லா இருக்காது"ன்னாரு அய்யா.

காளீஸ்வரி விசுக்குன்னு முன்னால வந்து, புருஷன் கையில இருந்த கட்டை லேசா விலக்கிக் காட்டுச்சு. அய்யா ரெண்டு எட்டுப் பின்னால போயிட்டாரு. அந்த வாடையை நான் இப்பவும் மறக்கல. பிறகு, "அது தெரியாம எடுங்க"ன்னு போட்டோக்காரர்கிட்டச் சொல்லிட்டாரு. வார்டர் தோள்ல கிடந்த பூத்துண்டை எடுத்து இருளப்பன் கை மேல போட்டாங்க. அதான் நீங்க கொண்டு வந்த படம். முப்பத்து நாலு ஆச்சு, கூட்டத்துல எங்க தாலுகாவுக்குக் கை தட்டுனாங்க.

படம் எடுத்து முடிஞ்சதும் இருளப்பன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "எக்கா, பேச்சியம்மாவ நான் இழுத்துட்டு வந்தப்போ அவளுக்கு உசிரு இருந்துச்சுக்கா." அம்புட்டுதான். முத்துலட்சுமி புடிச்சுக் கொடுத்த ஆம்புலன்ஸ்ல மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாங்க. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. கை தப்பிச்சுது. நான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன், எமோஷனலாத்தான்.

இங்கனயே கட்டுரையை முடிச்சிருந்தா உங்க மலருக்குப் பொருத்தமா இருந்திருக்கும். ஆனா ரிட்டயர் ஆன பிறகு நடந்ததையும் சொன்னாத்தான் சரி.

போன வருஷம் என் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க சிவகாசிக்குப் போயிட்டு, நாரணாபுரத்துல ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாப்புல கம்பெனி வேனுக்குக் கூட்டம் நிக்குது. "எக்கா!"ன்னு ஒரு குரல். இருளப்பன். உடம்பு கொஞ்சம் தேறியிருந்துச்சு. வலது கையில மூணு விரல், தோல் சுருங்கி இழுத்துக்கிட்டு நிக்குது.

"நல்லா இருக்கியாப்பா? எங்க வேலை?"

"அதே கம்பெனிதாங்க்கா. போர்மேன்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "அடப்பாவி மனுஷா, திரும்ப அங்கனயா போன?"

"வேற எங்கக்கா போறது? மூணு விரலை வச்சுக்கிட்டு மருந்து செலுத்தவும் முடியாது, திரி சுத்தவும் முடியாது. போர்மேன் சர்டிபிகேட்டுதான் இருக்கு. கேசு இன்னும் வாய்தாவுலயே கிடக்கு. மொதலாளிய அதுல இருந்து எடுத்தாச்சு."

பேசிக்கிட்டே சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்து, என் கையில இருந்த கல்யாணப் பத்திரிகை சாம்பிள் தாளோட ஓரத்துல எழுதிக் காட்டுனாரு. இடது கையால. அழகா, சுழிச்சு, கீழ ரெண்டு புள்ளி வச்சு, 'சு. இருளப்பன்'.

"எப்படிக்கா இருக்கு? ஆறு மாசம் பழகுனேன்."

"நல்லா இருக்குப்பா. எதுக்கு இம்புட்டுப் பாடுபட்ட?"

"கம்பெனிலதான் பழகச் சொன்னாக. போர்மேன்னா கையெழுத்துப் போடணும்ல. ரேகை ஆகாதுன்னுட்டாக. போன தடவை ரேகையாலதானே அவுகளுக்குச் சிக்கலாப் போச்சு."

"எத்தனை தாள்ல வாங்குனாங்க?"

"எப்பவும் போல மூணுதாங்க்கா. தேதி அவுக போட்டுக்கிடுவாக."

சிரிச்ச முகமாத்தான் சொன்னாரு. வேன் வந்துருச்சு, பொம்பளைங்க ஏறிக்கிட்டு இருந்தாங்க. நான் அவர் சட்டையைப் புடிச்சு நிறுத்துனேன். ரிட்டயர் ஆனாலும் என் கைப்பையில சட்ட உதவி மனு ஃபாரம் ரெண்டு கிடக்கும், பழக்கம். ஒண்ணை விரிச்சு பஸ் ஸ்டாப்பு சிமெண்டுத் திட்டுல வச்சேன்.

"இதுலயும் ஒண்ணு போடு."

"என்னத்துக்குக்கா? இப்பக் கேசு ஒண்ணும் புதுசா இல்லையே?"

"நாளைக்கு ஒண்ணுன்னா ஓடி அலைய வேண்டாம்ல."

ஒரு நிமிஷம் என் முகத்தையே பாத்தாரு. பிறகு குனிஞ்சு, நிதானமா, இடது கையால கையெழுத்துப் போட்டாரு. தேதி எழுதப் போனவரு கையை நான் புடிச்சுக்கிட்டேன்.

முப்பத்து மூணு வருஷம் கோர்ட்டுல வேலை பாத்தவ செய்யுற காரியமா இதுன்னு உங்களுக்குத் தோணலாம். முறைகேடுதான். அந்தத் தாள் என் பீரோவுல பைபிளுக்கு அடியில இருக்கு. சிவகாசிப் பக்கம் எங்கயாவது வெடிச்சதுன்னு டிவியில சொன்னா, முதல்ல ஊரு பேரைக் கேப்பேன், அப்புறம் பீரோவைத் தொறந்து பேனாவை எடுத்து வச்சுக்கிட்டு உக்காருவேன். இது வரைக்கும் தேதி போடல.